அட்டையில் படம் இல்லாத புத்தகம்

பப்லு,

இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். "இருபத்தாறு வயசாச்சும்மா, ஆபீஸ் பசங்க காதுல விழுந்தா என் கதி என்ன?" என்பாய். 'அன்புள்ள மகனுக்கு' என்றுதான் முதலில் எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் யாரோ ஒரு பிள்ளைக்கு யாரோ ஒரு அம்மா எழுதியது மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். பக்கத்து வீட்டு சுனிதா ஆன்ட்டி உன்னைத் தொட்டிலில் பார்த்த அன்றைக்கே வைத்த பெயர் இது. நாங்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்தது, உன் ஆபீஸ் அட்டையில் இருந்தது. வீட்டில் வாயில் வந்தது இதுதான். கோபித்துக்கொள்ளாதே.

நான் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. போன் வந்த பிறகு யார் எழுதுகிறார்கள்? இப்போது எழுதக் காரணம் லைப்ரரி சார். ஜனக்புரியில் நம் கோயில் மண்டபத்துக்கு மேலே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிற தமிழ் லைப்ரரியைப் பார்த்துக்கொள்கிறாரே, அவர்தான். போன மாதம் என்னைப் பார்த்ததும், "அம்மா, இந்த வருஷ மலர்ல, சமீபத்தில் வந்த புத்தகங்களைப் பத்தி வாசகர் ஒருத்தர் எழுதணும்னு கமிட்டியில முடிவாச்சு. நம்ம ரிஜிஸ்டரைப் புரட்டுனா பக்கத்துக்குப் பக்கம் உங்க பேருதான் இருக்கு. உங்களை விட்டா வேற யாரு?" என்றார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. "எனக்கு எழுத வராது சார்" என்றேன். "இவ்வளவு படிச்சவங்களுக்கு எழுதவா வராது? மனசுல பட்டதை எழுதுங்க. எழுத்துப் பிழையை நான் திருத்திக்கறேன்" என்றார். ஊருக்கு எழுத எனக்குத் தெரியவில்லை. உனக்கு எழுதுகிறேன், ஊர் படித்துக்கொள்ளட்டும். பிழையைத் தவிர வேறு ஒன்றையும் தொடக் கூடாது என்று சாரிடம் சொல்லப்போகிறேன். ஏனென்றால் அந்த ரிஜிஸ்டரில் இருப்பது முக்கால்வாசி பொய். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான் அஞ்சாங்கிளாஸ் வரை படித்தேன். அதுவும் சாத்தூர் பக்கத்தில், மழை பெய்தால் லீவு விடுகிற பள்ளிக்கூடத்தில். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு டெல்லிக்கு வந்தபோது எனக்கு இந்தியும் கிடையாது, இங்கிலீஷும் கிடையாது, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். உனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு நாள் மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுனிதா ஆன்ட்டி உன் ஸ்கூல் நோட்டீஸ் ஒன்றை எடுத்து எனக்குப் படித்துச் சொன்னாள். படித்து முடித்து, அன்பாகத்தான் சொன்னாள், "தும் தோ பில்குல் அன்பட் ஹோ, பஹன்ஜி" என்று. அன்பட் என்றால் படிக்காதவள். நீ பட்டத்து நூலைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாய். என்னைப் பார்த்தாய். நான் வடகத் துணியைக் கீழே வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த இந்தியில், தமிழில் நான் எத்தனை புத்தகம் படித்திருக்கிறேன் தெரியுமா, எங்கள் வீட்டில் அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருந்தது, புத்தகம் என்றால் எனக்கு உயிர் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் அலமாரியே கிடையாது. சுனிதா, "அச்சா?" என்றாள், மறந்துவிட்டாள். நீ மறக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எல்லாப் பிள்ளைகளும் அம்மாவுக்குப் புடவை வாங்கி வருவார்கள். நீ மண்டபத்து மாடிக்குப் போய் என் பெயரில் ஒரு லைப்ரரி கார்டு போட்டுக்கொண்டு வந்தாய். கூடவே நாலு புத்தகம். "உனக்குப் புத்தகம்னா உசுருன்னு சொன்னேல்ல? இங்க வந்து இத்தனை வருஷமா ஒண்ணுகூடப் படிக்காம எப்படிம்மா இருந்தே?" என்று கேட்டாய். உனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அட்டையைப் பார்த்து எடுத்து வந்திருந்தாய். கோழி வளர்ப்பு ஒன்று, சாமியார் ஒருத்தரின் உபதேசம் ஒன்று, நாவல் இரண்டு. உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு எந்த அம்மாவால் உண்மையைச் சொல்ல முடியும்? வாங்கிக்கொண்டேன். மறு ஞாயிறு காலையில் பூரி தின்றுகொண்டே, "கதை என்னம்மா?" என்று கேட்டாயே, அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு பக்கம் படிக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும், கண்ணில் தண்ணீர் வரும். ஆகையால் அட்டைப் படத்தைப் பார்ப்பேன், முதல் நாலு வரியைக் கூட்டுவேன், மிச்சத்தை நானே கட்டுவேன். அட்டையில் மாடு இருந்தால் மாட்டை விற்றவன் கதை. பெண் அழுதால் மாமியார் கதை. நீ தட்டைத் தள்ளிவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாய். "அந்த மாமியாருக்கு என்ன ஆச்சு?" என்பாய். "திருந்திட்டா" என்பேன். "போன வாரமும் ஒரு மாமியார் திருந்துனாளே?" என்பாய். "மாமியார்னா ஒரு நாள் திருந்தித்தானேடா ஆகணும்" என்பேன். உன் அப்பா செய்தித்தாளை இறக்கி உன்னையும் என்னையும் ஒரு பார்வை பார்ப்பார், மறுபடி தூக்கிக்கொள்வார். மூன்று வருஷம் இப்படி ஓடியது. எனக்கே அந்த ஞாயிற்றுக்கிழமை பிடித்துப்போய்விட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமையே கதை கட்ட ஆரம்பித்துவிடுவேன்.

உனக்குக் காய்ச்சல் வந்தது மழை முடிகிற நேரம். கொசுக் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் ஏதோ இறங்குகிறது, இறங்குகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏறியதாக ஒருத்தரும் சொல்லவில்லை. நீ கடைசியாக எடுத்து வந்த நாலு புத்தகத்தையும் ஒரு துணிப்பையில் போட்டு நான் வார்டுக்குக் கொண்டுவந்திருந்தேன், ஏன் கொண்டுவந்தேன் என்று கேட்டால் தெரியாது. மத்தியானம் பார்க்க விடுகிற நேரத்தில் நீ, "புதுக் கதை ஏதாவது சொல்லும்மா" என்றாய். படகு போட்ட அட்டையைப் பார்த்து, புருஷன் போன பிறகு ஆற்றில் பரிசல் ஓட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்த பொம்பளை கதை சொன்னேன். கத்தி போட்ட அட்டைக்குக் கொலைக் கதை. "யாரும்மா கொன்னது?" என்றாய். "மருமகன்" என்றேன். "எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" "கடைசிப் பக்கத்துல செருப்பை வச்சுக் கண்டுபிடிச்சாங்க." நீ உதடு வெடித்திருந்ததால் சிரிக்க முடியாமல் சிரித்தாய். ஒல்லியாக ஒரு கவிதைப் புத்தகம், அதைத் தள்ளி வைத்தாய். நாலாவது புத்தகம் கறுப்பு பைண்டு போட்டது. பார்சலில் அட்டை நனைந்து கெட்டுப்போனதாம், கறுப்புத் துணி ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். அதைத் தொட்டு, "இது?" என்றாய். அட்டையில் படமே இல்லை. நான் எதை வைத்துக் கட்டுவேன்? "அதை இன்னும் முடிக்கலைடா, நாளைக்குச் சொல்றேன்" என்றேன். "அச்சா, நாளைக்கு" என்றாய்.

அந்த 'நாளைக்கு' வரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து ஊரிலிருந்து வந்தவர்கள் போன பிறகு, அந்தத் துணிப்பை பிரிஜ்ஜுக்கு மேலே இருந்தது. உன் அப்பா ஒரு நாள், "லைப்ரரி புத்தகம் கெடு தாண்டிருச்சு. நான் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வர்றேன்" என்று பையை எடுத்தார். நான் பிடுங்கிக்கொண்டேன். "இன்னும் படிக்கலை" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "எல்லாம் படிச்சு அவன்கிட்டக் கதை சொன்னியே?" என்றார். அன்றைக்குத்தான் அவரிடம் முதல்தடவையாகச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நானும் நம்பிட்டேன்" என்றார். மறுநாள் என்னைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். "முதல் வண்டியில உன்னைக் கூட்டிட்டுப் போறேம்மா" என்று நீ சொன்ன தூண்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இனி சார் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். படகு அட்டைப் புத்தகத்தைப் பதினாறு நாள் படித்தேன். தினம் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு உட்காருவேன். பப்லு, அதில் ஆறே கிடையாது. பரிசல் ஓட்டுகிற பொம்பளையும் கிடையாது. அப்பன் விட்டுப்போன ஒரு படகுக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். புத்தகம் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள், படகு கடைசிவரை தண்ணீரைத் தொடவில்லை, மணலில் கிடந்து உளுத்துப்போகிறது. எனக்கு எழுதினவர் மேல் கோபமான கோபம். அவர்களுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள், இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து சோறு கொண்டுபோகிறாள். படகை என்ன செய்யலாம் என்று அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை, புத்தகம் எழுதினவரும் கேட்கவில்லை. நான் சொன்ன கதைதான் நல்ல கதை என்று முதலில் நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பரிசல்காரி மனசிலேயே இல்லை, அந்தத் தங்கச்சிதான் என் கூட அடுப்படியில் நிற்கிறாள். நல்ல கதை எது என்று எனக்குத் தெரியவில்லை.

கொலைப் புத்தகம் சீக்கிரம் ஓடியது. எழுத்தும் பெரிசு, கண்ணாடியும் பழகிவிட்டது. வீட்டுக்காரரைக் கொன்றுவிடுகிறார்கள், வீட்டில் ஆறு பேர், ஆறு பேரும் முழிக்கிற முழி சரியில்லை. எனக்கு அந்தக் கணக்குப்பிள்ளை மேல்தான் சந்தேகம். ரொம்ப மரியாதையாகப் பேசுகிறவனை நம்பாதே, இதை உனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். போலீஸ்காரர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, "கொலையாளி இங்கேதான் இருக்கிறார்" என்கிறார். பக்கத்தைத் திருப்புகிறேன், பின் அட்டை வருகிறது. கடைசி நாலு தாள் இல்லை. யாரோ கிழித்திருக்கிறார்கள். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. கடைசிப் பக்கத்தில் செருப்பை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று நான் உன்னிடம் சொன்னேனே. இல்லாத பக்கத்தைச் சொல்லியிருக்கிறேன். நீ அந்தப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டியிருந்தால்கூட, எழுத்துத் தெரியாவிட்டாலும், தாள் இல்லை என்பது தெரிந்திருக்குமே? நீ சிரித்தாயே, அது மருமகனுக்கா, எனக்கா?

கவிதைப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டால், பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறார்கள், காகிதத்துக்குப் பஞ்சமில்லாத வீடு போல. நிறையப் புரியவில்லை. ஆனால் ஒன்று. பென்ஷன் வாங்குகிற கண்டக்டர் ஒருத்தர் தூக்கத்தில் விசில் அடிக்கிறார், பக்கத்தில் தூங்குகிற பெண்டாட்டி எழுந்து கட்டிலை விட்டு இறங்கிவிடுகிறாள். அவ்வளவுதான் கவிதை. நான் சிரித்துவிட்டேன், பப்லு. வாய் விட்டுச் சிரித்தேன். உன் அப்பா பால்கனியிலிருந்து ஓடி வந்தார், நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு. புத்தகத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "எந்த ஸ்டாப்பாம்?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் உன் போட்டோவுக்கு நேராக நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளை போய் மூன்று மாதத்தில் சிரித்த பொம்பளை நான். இதை எழுதினவருக்கு நான் நன்றி சொல்வதா, திட்டுவதா?

கறுப்புப் புத்தகத்தைக் கடைசியில் எடுத்தேன். அதற்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு ஏழு வயசில், இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தும், உன்னை சென்ட்ரல் ஸ்கூலில் போட்டோம். "தமிழ் படிச்சு இங்க என்ன வேலை கிடைக்கப்போவுது?" என்று உன் அப்பா சொன்னதாகத்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். சொன்னது அவர் இல்லை, நான். அதே வருஷம் நீ ஒரு நாள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "எனக்கு உன் எழுத்தைச் சொல்லிக் கொடு" என்றாய். உயிரெழுத்து சொல்லிக் கொடுத்தேன். அடுத்த நாள் க, ங, ச. மூன்றாம் நாள் நடுவில் எனக்கே வரிசை மறந்துவிட்டது. நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். "போதும் போ, பால் ஆறுது" என்று விரட்டினேன். நீ பிறகும் நாலைந்து தடவை சிலேட்டோடு வந்தாய். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஏதோ வேலை இருந்தது. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்குப் பிள்ளைகள் பிறந்தால் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன்: தெரியாததைத் தெரியாது என்று அன்றைக்கே சொல்லிவிடு, ஆறப்போட்டால் அது கெட்டியாகிவிடும். இப்போது இந்தப் புத்திமதியை யாருக்குச் சொல்கிறேன்?

கறுப்புப் புத்தகம் கதை இல்லை. ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற ஆளின் மனைவி ஒருத்தி தன் வாழ்க்கையைத் தானே எழுதியது. புருஷனோடு ஊர் ஊராகப் போய், தண்டவாளத்து ஓரத்தில் கூடாரம் போட்டுச் சமைத்தவள். வண்டி போகும்போது சோற்றில் மண் விழாமல் எப்படி மூடுவது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதியிருந்ததால் எனக்குத் தண்ணீர் குடிப்பது போல இருந்தது. ஆனால் அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. முதல் பக்கத்தில் நாலாவது வரி முடிகிற இடத்தில் ஓரமாக ஒரு சின்னப் பென்சில் கோடு. அப்புறம் ஆறு வரி தள்ளி ஒரு கோடு. அப்புறம் எட்டு வரி. பிறகு அரைப் பக்கத்துக்கு ஒன்று, போகப்போக பக்கத்துக்கு ஒன்று. தினமும் கொஞ்சம் படித்து, நிறுத்தின இடத்தில் கோடு போடுகிற ஆள். முதலில் திக்கித் திணறி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடிக்கிற ஆள். எனக்கு அந்த நடை தெரியும். நான் படகுப் புத்தகத்தில் நடந்த நடை அது. அறுபத்தொன்றாம் பக்கத்தோடு கோடு நின்றுவிட்டது.

உன் அப்பாவிடம் காட்டினேன். "அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே. பஸ்ல போர்டைக்கூட இந்தியிலதான் படிப்பான்" என்றார். "டெல்லி பஸ்ல தமிழ் போர்டு எங்க இருக்கு?" என்றேன். உன் காலேஜ் புத்தகங்களை எல்லாம் இறக்கிப் பார்த்தோம். அதில் நீ மஞ்சள் பேனாவால் பூசியிருக்கிறாய், பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை. உன் ஆபீஸ் பையில் ஒரு பென்சில் இருந்தது, கூர் மழுங்கி. பென்சில் யார் பையில்தான் இல்லை என்றார் அப்பா. அவர் சொல்வதும் சரிதான். அவர் சொல்வது சரியாக இருக்கக் கூடாது என்றும் இருந்தது. இருக்க வேண்டும் என்றும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லைப்ரரிக்குப் போனேன். கார்டு என் பெயரில், நான் அந்தப் படியில் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. சார் எழுந்து நின்றுவிட்டார். கண் கலங்கினார். நான் புத்தகத்தைப் பிரித்துக் கோட்டைக் காட்டி, "இது என் பையன் போட்டதா சார்?" என்று கேட்டேன். அவர் ரிஜிஸ்டரை எடுத்தார். "அம்மா, இந்தப் புத்தகம் வந்தப்புறம் ரெண்டே பேருதான் எடுத்திருக்காங்க. ஒண்ணு நீங்க, அதாவது உங்க பையன். இன்னொருத்தர் கொச்சிக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிப் போயிட்டார்."

"அவரு கோடு போடுறவரா?"

"அவர் போட மாட்டார். ஆனா அவர் பொண்ணு இங்கயே பிறந்து வளர்ந்தவ, அப்பத்தான் தமிழ் படிக்கக் கத்துக்கிட்டிருந்தா. அவ போட்டிருக்கலாம்."

நான் புத்தகத்தை மூடினேன். சார் ரிஜிஸ்டரில் பக்கத்தைத் தள்ளி, "ஆனா இதைப் பாருங்க, இதை மட்டும் உங்க பையன் மூணு தடவை புதுப்பிச்சிருக்கான். ஏம்ப்பா இவ்வளவு நாளான்னு கேட்டேன். 'எங்கம்மா மெதுவாப் படிக்கிறாங்க அங்கிள்'ன்னான்" என்றார்.

எத்தனை நாள் அதை உன் ஆபீஸ் பையிலேயே வைத்திருந்தாய்? ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம்தான் அது என் கண்ணில் பட்டது. அதைச் சாரிடம் சொன்னேன். "இங்க வந்தா அந்த மூலை பெஞ்சுல ஒரு மணி நேரம் உக்காந்திருப்பான்மா, கையில எதையாவது விரிச்சு வச்சுக்கிட்டு. படிச்சானா, ஃபேனுக்குக் கீழ காத்து வாங்குனானா, எனக்கு என்ன தெரியும்?" என்றார். நான் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். காற்று நன்றாகத்தான் வருகிறது.

மூன்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கறுப்புப் புத்தகத்தைப் புதுப்பித்துக்கொண்டேன். இது நாலாவது தடவை. ஏன் என்று சார் கேட்கவில்லை. அறுபத்தொன்றாம் பக்கத்தைத் தாண்ட எனக்குக் கை வரவில்லை, அதுதான். அந்தப் பொம்பளை ஒரு சின்ன ஸ்டேஷனில் தகரப் பெட்டியோடும் கைப்பிள்ளையோடும் நிற்கிறாள். வருகிறேன் என்ற புருஷன் வரவில்லை. வண்டி வந்து நிற்கிறது. அங்கே கோடு. அதைத் தாண்டினால் நீ நிற்கிற இடத்தில் உன்னை விட்டுவிட்டு நான் மட்டும் போகிற மாதிரி இருந்தது. அது அந்தக் கொச்சிப் பெண் நிறுத்தின இடமாகவும் இருக்கலாம். அவள் வேறு புத்தகம் கிடைத்துப் போயிருப்பாள். யாரோ ஒரு பெண் போட்ட கோட்டின் முன்னால் ஒரு மாதமாக நான் நின்றுகொண்டிருக்கிறேனா?

இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன், பப்லு. நீ படிக்கவில்லை என்றால், நான் சொன்னதையெல்லாம் நம்பிக்கொண்டே போயிருக்கிறாய். ஏமாற்றி அனுப்பிவிட்டேனே. நீ படித்தாய் என்றால், அம்மாவுக்குப் படிக்க வராது என்று தெரிந்துகொண்டே ஞாயிறுதோறும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாய். நான் எழுத்துச் சொல்லித் தராமல் விரட்டிய பிள்ளை, யாரிடமோ போய், எனக்குத் தெரியாமல் என் எழுத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறாய். எதற்கு? என்னை ஒரு நாள் கையும் களவுமாகப் பிடிக்கவா? அந்தக் கறுப்புப் புத்தகத்தை எனக்கு நீ படித்துக் காட்டவா? ஆஸ்பத்திரியில் அதைத் தொட்டு "இது?" என்று கேட்டாயே, அது கேள்விதானா, இல்லை நீ சொல்ல ஆரம்பித்ததா? அங்கே நான் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எதில் எனக்கு ஆறுதல் என்று தெரியவில்லை. காலையில் ஒன்று சரியாகத் தோன்றுகிறது, விளக்கேற்றும்போது இன்னொன்று.

மலரில் இதைப் படிக்கிறவர்களுக்கு எந்தப் புத்தகம் நல்ல புத்தகம் என்று நான் சொல்ல வேண்டுமாம். எனக்குச் சொல்லத் தெரியாது. படகுப் புத்தகத்தைப் படியுங்கள், அந்தத் தங்கச்சிக்காக. கொலைப் புத்தகத்தின் கடைசி நாலு தாள் யார் வீட்டிலாவது இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள், அந்தக் கணக்குப்பிள்ளையா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை எழுத்துக் கேட்டு வந்தால் பாலைக் காரணம் சொல்லி விரட்டாதீர்கள். பிள்ளைகளே, உங்கள் அம்மா கதை சொன்னால் புத்தகத்தையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள், பார்த்ததைச் சொல்லிவிடுங்கள். பிறகு கேட்க முடியாமல் போகும்.

நேற்று மத்தியானம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். உன் மழுங்கின பென்சிலைச் சீவி எடுத்துக்கொண்டேன். அறுபத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். ஒன்பது பக்கம் படித்தேன், ஒரே மூச்சில், எழுத்துக் கூட்டாமல். நிறுத்தின இடத்தில் ஒரு கோடு போட்டேன். லைப்ரரி புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று சார் திட்டுவார், திட்டட்டும். வண்டி வந்து நின்றதே, அந்தப் பொம்பளை என்ன செய்தாள் என்று எனக்கு இப்போது தெரியும். இது நானாகக் கட்டினது இல்லை, அவளே எழுதியிருக்கிறாள். நாளைக்கு என்று சொன்னேன் அல்லவா? சொல்லட்டுமா பப்லு, இல்லை நீயே படித்துக்கொள்கிறாயா?